தொடர்புப் பலகையைக் குழந்தைக்குப் பழக்குவது: கைக்கு ஒரு பாடம், மனதுக்கு ஒரு பாடம்

நான்கு வயதுக் குழந்தை ஒன்று. பேச்சு வராது; படங்கள் உள்ள கட்டங்களைத் தொட்டுச் சொல்லும் தொடர்புப் பலகைதான் அதற்கு வாய். தண்ணீர் கேட்க நினைக்கும்போதெல்லாம் அதன் கை பக்கத்திலிருந்த ‘பந்து’ கட்டத்தில் போய் விழும். பந்தைக் கொடுத்தால் தள்ளிவிட்டு அழும். படம் புரியவில்லை என்று முடிவு கட்டி, மூன்று மாதம் படங்களை மாற்றிக்கொண்டே இருந்தோம். ஒருநாள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்கு உடலைப் பழக்கும் சிகிச்சையாளர்) வந்து, முழங்கைக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்தார். கை ஒரு கட்டம் தள்ளி விழுந்தது. அன்றைக்கே குழந்தை தண்ணீர் கேட்டது.

பேச்சு வராத குழந்தை பலகையையோ டேப்லெட்டையோ கொண்டு பேசும்போது இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். யோசித்ததைத் தொடவும் வேண்டும். நமக்கு இரண்டாவது ஒரு வேலையாகவே தெரியாது. அந்தக் குழந்தைக்கு அதுவே முழுக் கவனத்தையும் பிடுங்கிக்கொள்ளும். அதனால் கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே விதிதான் இருக்கிறது: ஒரு பக்கம் புதிதாக இருந்தால், மறுபக்கம் பழகியதாக இருக்க வேண்டும்.

வரிசையை மாற்றாதீர்கள். நான் பார்த்த தடுமாற்றங்களில் பாதி, நான்காவது படியை முதலில் செய்ததால் வந்தவை.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

கேட்கும் திறன் சோதனையும் கண் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். கண் நன்றாக இருந்தும், பார்த்ததை மூளை கையாள்வதில் சிக்கல் உள்ள குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு நெரிசலான பலகை வெறும் குழப்பம்தான். கறுப்புப் பின்னணியில் ஒன்றிரண்டு பளிச்சென்ற படங்கள் என்றால் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட குழந்தை படத்தைப் பார்த்துவிட்டு, தலையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டும். பார்ப்பதையும் நீட்டுவதையும் ஒருசேரச் செய்ய அதற்கு முடியாது. அதைக் கவனமின்மை என்று எழுதிவிடாதீர்கள்.

வலிப்பு மருந்து, தூக்கம், சாப்பாட்டு நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஆறு கட்டங்களைச் சரியாகத் தொடும் குழந்தை மாலையில் இரண்டைக்கூடத் தொடாமல் போகலாம். அது மறதி அல்ல, தசைச் சோர்வு.

தேவைப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அறிவு வளர்ச்சியில் ஒரு குறிப்பிட்ட கட்டத்தை எட்டிய பிறகுதான் இந்தக் கருவிகளைக் கொடுக்கலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். காரணம்–விளைவு புரிய வேண்டும், மறைத்த பொருளைத் தேடத் தெரிய வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை இருந்தது. அந்தக் கருத்து கைவிடப்பட்டுவிட்டது. அந்தத் திறன்கள் பலவும் மற்றவரோடு தொடர்புகொள்வதன் வழியாகவே வளர்கின்றன. ‘இன்னும் தயாராகவில்லை’ என்று காத்திருப்பது, நடக்கத் தெரிந்த பிறகு தரையில் இறக்கிவிடலாம் என்பதைப் போன்றது.

பலகை கொடுத்தால் வாய்ப்பேச்சு நின்றுவிடுமோ என்று பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில் நம்பகமான சான்றுள்ள 27 பேரைப் பார்த்தபோது, ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதத்தினருக்கு ஓரளவாவது கூடியிருந்தது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மனதில் பயம் இருக்கும் வீட்டில் பலகை அலமாரிக்குப் போய்விடும்.

2. முதலில் உட்காரும் நிலை

இடுப்பிலிருந்து தொடங்குங்கள். இடுப்பு வழுக்கினால் முதுகு வளையும், தலை விழும், கை ஆதாரம் தேடும். இடுப்பை நாற்காலியின் பின்பக்கத்தோடு ஒட்டி நிறுத்தி, பாதங்களுக்குக் கீழே பலகையோ பெட்டியோ வைத்து, அப்புறம் முதுகையும் தலையையும் பாருங்கள். உடலின் நடுப்பகுதி உறுதியாக நின்றால்தான் விரல் தன்னிஷ்டப்படி நகரும். விழுந்துவிடாமல் இருக்கவே போராடும் குழந்தையிடம் சொல் தேடுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

கருவியை நேர் எதிரே, நடுவில், சற்றே சாய்வாக வையுங்கள். பக்கவாட்டில் வைக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. தலை ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கக் கை நீண்டு, மறுபக்கக் கை மடங்கும் ஓர் அனிச்சை கைக்குழந்தைகளுக்கு இருக்கும். ஆறு மாத அளவில் அது பொதுவாக மறைந்துவிடும். பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவைக் கட்டுப்படுத்துவது கடினமாகும் நிலை) உள்ள சில குழந்தைகளுக்கு அது நீடிக்கிறது. கருவி வலப்பக்கம் இருந்தால் தலை வலப்பக்கம் திரும்பும், வலக்கை விறைத்து நீளும், மடக்கித் தொட முடியாது. கருவியை நடுவுக்குக் கொண்டுவந்தாலே சிலருக்குக் கை இளகிவிடும்.

புதியவர்கள் செய்யும் பிழை, டேப்லெட்டை மேசையில் படுக்க வைப்பது. பார்ப்பதற்குத் தலையைக் குனிய வேண்டும், நீட்டும் கையே திரையை மறைக்கும், உள்ளங்கை வேறு பட்டுக்கொண்டிருக்கும்.

3. குழந்தை இப்போதே எப்படிச் சொல்கிறது என்று எழுதுங்கள்

மூன்று நாள் போதும். பிடித்ததை எப்படிக் காட்டுகிறது, பிடிக்காததை எப்படித் தள்ளுகிறது, கவனத்தை எப்படி இழுக்கிறது என்று எழுதுங்கள். மூச்சு வேகமாவது, கண் விரிவது, கால் உதைப்பது எல்லாமே கணக்கு.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடிக்க வேண்டும். அழுகிற குழந்தைக்கு ஏதோ வேண்டும் என்று நாம் ஊகிக்கிறோம்; அது ஒரு நிலை. பொருளைப் பார்த்து, உங்களைப் பார்த்து, திரும்பப் பொருளைப் பார்ப்பது வேறு நிலை. பொதுவாக 9, 10 மாத அளவில் வரும் இந்த நோக்கமுள்ள தொடர்பு, கையசைவு குறைவான குழந்தையிடம் மிக மங்கலாகத் தெரியும். விரல் நீட்ட முடியாத குழந்தை அரை விநாடிப் பார்வையில் அதைச் சொல்லிவிட்டுப் போய்விடும். வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நேரில் நான் தவறவிட்ட பார்வைகளை வீடியோவில்தான் பிடித்திருக்கிறேன்.

நோக்கமுள்ள தொடர்பு இன்னும் தெரியவில்லை என்றாலும் நிறுத்த வேண்டாம். குழந்தை செய்வதற்கெல்லாம் ஒரே மாதிரி பதில் கொடுங்கள். காலை உதைத்தால் ஊஞ்சல் ஆடும், ஒவ்வொரு முறையும். தான் செய்வதற்கு இன்னொருவரிடம் பலன் இருக்கிறது என்று புரிவதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

4. விரலா, கண்ணா, ஸ்விட்சா

முதலில் நேரடித் தொடுதலை முயன்று பாருங்கள். விரல், கைமுட்டி, பார்வை எதுவானாலும் சரி, வேண்டியதை நேராகச் சுட்டுவதற்கு மனதில் ஆகும் வேலை குறைவு.

சோதிக்கும்போது சொற்களை வெளியே வைத்துவிடுங்கள். தொட்டால் ஒளிரும் அல்லது சத்தம் போடும் ஒரே படத்தைத் திரையின் ஒன்பது இடங்களில் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முறை தொட வையுங்கள், ஒரே நாளில் வேண்டாம். எங்கே விழுகிறது, எங்கே நழுவுகிறது என்று தாளில் குறியுங்கள். இந்த வரைபடம்தான் பிறகு எந்தச் சொல் எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சொல்லும். சொற்களை வைத்தே சோதித்தால், தவறு கையிலா மனதிலா என்று பிரிக்கவே முடியாது.

கட்டத்தைப் பெரிதாக்கும் முன் அமைப்புகளைப் பாருங்கள். தொட்டவுடன் பேசாமல் விரலை எடுக்கும்போது பேச வைக்கலாம். இழுத்துக்கொண்டே போய்ச் சரியான இடத்தில் விடும் குழந்தைக்கு இது உதவும். கை நடுங்கி இரண்டு மூன்று முறை தட்டினால், அடுத்த தொடுதலை ஏற்கும் இடைவெளியைக் கூட்டுங்கள். கையை எங்காவது ஊன்றினால்தான் விரல் அசையும் என்றால், கீகார்ட் எனப்படும் துளை வெட்டிய பிளாஸ்டிக் மூடி பெரிய வரம்.

நேரடித் தொடுதல் முடியாதபோது ஸ்விட்ச். இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரே ஒரு பொத்தானை அழுத்துவதுதானே, எளிது என்று நினைப்பார்கள். உடலுக்கு எளிதுதான். ஆனால் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிர, வேண்டியது வரும்போது பொத்தானை அழுத்தும் ஸ்கேனிங் என்ற இந்த முறை மனதுக்குக் கடினமானது. தன் சொல்லை நினைவில் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் கட்டம் கட்டமாக நகர்வதைப் பார்த்து, வேண்டாதவற்றில் கையை அடக்கி, வேண்டியது வரும் கணத்தில் அழுத்த வேண்டும். தவறினால் இன்னொரு சுற்று. வரிசையை முதலில் தேர்ந்து அப்புறம் கட்டத்தைத் தேர்வது இன்னும் கடினம். எந்த வளர்ச்சிக் குறையும் இல்லாத இரண்டு வயதுக் குழந்தைகளே ஸ்கேனிங்கைக் கற்கத் திணறுகிறார்கள். ஆகவே உங்கள் குழந்தை திணறினால், மொழி புரியவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

உடல் தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும் குழந்தைக்குச் சரியான கணத்தில் அழுத்தச் சொல்வது கொடுமை. இரண்டு ஸ்விட்ச் வையுங்கள்: ஒன்று நகர்த்த, ஒன்று தேர்ந்தெடுக்க. நேர நெருக்கடி போய்விடும். இரண்டும் வேறு வேறு உடற்பகுதியில் இருந்தால் நல்லது. தலையின் இரு பக்கமும் பலருக்கு ஒத்துவருகிறது.

கண் அசைவால் இயங்கும் கருவி கையைக் காப்பாற்றும். ஆனால் கண்ணுக்குப் பார்க்கும் வேலையும் உண்டு. சும்மா பார்த்ததற்கெல்லாம் கருவி பேசினால் குழந்தை குழம்பும். தொடக்கத்தில், பார்த்தால் ஏதாவது நடக்கும் விளையாட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிலைத்துப் பார்த்தால் பேசும் நேரத்தைக் குழந்தைக்கேற்ப மெல்ல மாற்றிப் பாருங்கள்.

5. கைப் பாடமும் மொழிப் பாடமும் தனித்தனியாக

கைப் பாடத்தில் ஸ்விட்சோ தொடுதலோ மட்டும் புதிது. உள்ளடக்கம் விளையாட்டு: அழுத்தினால் பாட்டு, அழுத்தினால் குமிழி. இங்கே சரி, தவறு கிடையாது. அசைவு யோசிக்காமல் வர வேண்டும், அவ்வளவுதான். குழந்தை கையைப் பார்க்காமல் குமிழியைப் பார்த்துக்கொண்டே அழுத்தினால், அசைவு பழகிவிட்டது என்று பொருள்.

மொழிப் பாடத்தில் உடல் வேலையை முடிந்தவரை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். நீங்கள் பலகையில் ஒவ்வொன்றாகச் சுட்டி வாயாலும் சொல்வீர்கள். வேண்டியது வரும்போது குழந்தை தனக்கு முடிந்த ஏதோ ஓர் அசைவால் ‘ஆமாம்’ என்று காட்டும். எந்திரம் காத்திருக்காது, நீங்கள் காத்திருப்பீர்கள். குழந்தை தயங்கினால் வேகத்தைக் குறைப்பீர்கள். இதனால் மொழியின் வளர்ச்சி கைக்காகக் காத்துக்கொண்டு நிற்காது.

இரண்டையும் ஒரே நாளில், வேறு வேறு நேரத்தில் செய்யுங்கள். கைப் பாடத்தில் அசைவு பழகியதும், மொழிப் பாடத்திலிருந்து நன்கு தெரிந்த இரண்டு சொற்களை அங்கே கொண்டுபோங்கள். புதிய அசைவோடு புதிய சொல்லைச் சேர்க்கவே கூடாது. அவசரப்பட்டுச் சேர்த்த இடத்திலெல்லாம் குழந்தை கருவியைத் தள்ளிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். திரும்ப அதன் பக்கம் அழைத்துவர மாதங்கள் ஆகின்றன.

6. படம் எப்போது சொல்லாகிறது

ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கும் என்று புரிவது மெல்ல வருகிறது. உளவியலாளர் ஜூடி டெலோச் 1987-இல் ஓர் அறையின் சிறிய மாதிரியில் பொம்மையை ஒளித்துக் காட்டி, உண்மையான அறையில் அதே இடத்தில் இருக்கும் பொம்மையைத் தேடச் சொன்னார். மூன்று வயதுக் குழந்தைகள் நேராகப் போய் எடுத்தார்கள். இரண்டரை வயதினர் பெரும்பாலும் தேடி அலைந்தார்கள். மாதிரி அறை அவர்களுக்கு ஒரு சுவாரசியமான பொம்மையாகவே இருந்தது, வேறொன்றின் குறியாகத் தெரியவில்லை. படத்தை நக்கிப் பார்க்கும், கிழிக்கும் குழந்தையும் அப்படித்தான்.

இதற்காக முதலில் பொருள், பிறகு புகைப்படம், அப்புறம் கோட்டோவியம் என்று படிப்படியாக ஏற்ற வேண்டியதில்லை. புகைப்படத்தில் தேர்ந்த பிறகுதான் கோட்டோவியம் என்று காத்திருந்தால், ‘இன்னும்’, ‘போதும்’, ‘வேண்டாம்’, ‘வா’ போன்ற சொற்கள் வரவே வராது. அவற்றைப் புகைப்படம் எடுக்க முடியாதே. அந்தக் குறிகளின் பொருள் பயன்பாட்டிலிருந்து வருகிறது: ‘போதும்’ தொட்டதும் விளையாட்டு நின்றால், அந்தக் கோடுகளுக்கு அதுதான் பொருள்.

மிகச் சிறிய குழந்தைக்குக் கட்டம் கட்டமாக இருக்கும் பலகையைவிட, பழகிய காட்சி ஒன்றின் படம் எளிது. குளிக்கும் இடத்தின் புகைப்படத்தில் வாளியைத் தொட்டால் ‘தண்ணி ஊத்து’ என்று பேசும்படி வைக்கலாம். தனித்தனிக் கட்டங்களில் இல்லாத சூழல் அந்தப் படத்தில் இருக்கிறது. காட்சிப் படத்தோடு கட்டப் பலகையையும் பக்கத்தில் வைத்திருங்கள். காட்சியை மட்டும் நம்பினால் சொற்களைச் சேர்த்துப் புதிய வாக்கியம் அமைக்க வழி குறைவு.

7. சொல்லின் இடத்தை மாற்றாதீர்கள்

தட்டச்சு தெரிந்தவர் எழுத்தைத் தேடுவதில்லை, கை அறியும். குழந்தைக்கும் அதுவே நடக்க வேண்டும். ‘இன்னும்’ என்றால் மேல் வரிசை இடது மூலை என்று கை பழகிவிட்டால், தேடும் வேலை மிச்சமாகி, யோசிப்பதற்கு இடம் கிடைக்கும்.

நான்கு கட்டங்களில் தொடங்கி, தேறியதும் எட்டு, பிறகு பதினாறு என்று போவது நியாயமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் எல்லாச் சொல்லும் இடம் மாறும், கை பழகியது அத்தனையும் வீண். குழந்தையின் கை தாங்கும் மிகச் சிறிய கட்ட அளவைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, முழுப் பலகையையும் அதில் அமையுங்கள். இப்போது வேண்டாத சொற்களை மறைத்து வையுங்கள். வளர வளரத் திறந்துகொண்டே போகலாம், இடம் மாறாது.

கை பெரிய கட்டத்தைத்தான் தாங்கும் என்றால் ஒரு பக்கத்தில் சில சொற்களே அடங்கும், மற்றவை உள்பக்கங்களுக்குப் போகும். இங்கே கையின் சுமையைக் குறைத்து நினைவின் சுமையைக் கூட்டுகிறீர்கள்: கண்ணுக்குத் தெரியாத சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குழந்தை நினைவில் வைக்க வேண்டும். அதனால் முதல் பக்கத்தில் எங்கும் பயன்படும் சொற்களை வையுங்கள். பொம்மைகளின் பெயர்கள் உள்ளே போகட்டும். ‘வேண்டாம்’ மட்டும் எந்தப் பக்கத்திலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மறுக்க வழியில்லாத குழந்தை கடிக்கும், தள்ளும்.

8. நீங்கள் தொட்டுப் பேசுங்கள்

பேசும் குழந்தை முதல் சொல்லைச் சொல்ல ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் விழித்திருக்கிறது என்று வைத்தால், 3,650 மணி நேரம் பேச்சுக்கு நடுவில் வாழ்ந்த பிறகு அந்த ஒரு சொல். வாரம் ஒரு மணி நேர வகுப்பில் மட்டும் பலகையைப் பார்க்கும் குழந்தைக்கு ஆண்டுக்கு 52 மணி நேரம்தான் கிடைக்கிறது. அதே அளவு பார்க்க 70 ஆண்டு வேண்டும்.

எனவே நாள் முழுவதும், நீங்கள் வாயால் பேசும்போதே முக்கியமான ஒன்றிரண்டு சொற்களைப் பலகையில் தொடுங்கள். “சட்டையைப் போடலாமா” என்று கேட்கும்போது ‘போடு’ மட்டும். குழந்தை ஒற்றைச் சொல்லில் இருந்தால் நீங்கள் இரண்டு சொல் தொடுங்கள். பதிலுக்குத் தொடச் சொல்லிக் கேட்காதீர்கள். ஸ்விட்ச் பயன்படுத்தும் குழந்தைக்கு முன்னால் சில நேரம் நீங்களும் ஸ்விட்சால் பேசுங்கள்; விரலால் தொடும் ஆளை மட்டும் பார்த்து ஸ்கேனிங்கை எப்படிக் கற்கும்?

“பூனை எங்கே காட்டு, பந்து எங்கே காட்டு” என்று கேட்பது பாடம் ஆகாது. அது தேர்வு. விடை தெரிந்தவரிடம் விடை சொல்ல எந்தக் குழந்தைக்கும் ஆர்வம் இருக்காது.

9. காத்திருப்பது

கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், தேவைப்பட்டால் இருபது. சில குழந்தைகளுக்கு, குறிப்பாக ரெட் சிண்ட்ரோம் என்ற அரிய மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு, என்ன வேண்டும் என்பது தெரிந்தும் அசைவைத் தொடங்கக் கை உடனே கேட்காது. நடுவில் நீங்கள் மறுபடி கேட்டால், பாதி கட்டிய அசைவு கலைந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எதுவும் வரவில்லை என்றால் பலகையைப் பாருங்கள். பிறகு அந்தப் பக்கமாகக் கையைக் காட்டுங்கள். பிறகு நீங்களே அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டி விஷயத்தைத் தொடருங்கள். குழந்தையின் கையைப் பிடித்து அழுத்த வைக்காதீர்கள். யார் சொன்ன சொல் அது என்றே தெரியாமல் போகும். உங்கள் பிடிக்காகக் காத்திருக்கவும் கை பழகிவிடும். உடலால் உதவியே ஆக வேண்டும் என்றால் முழங்கையைத் தாங்குங்கள், விரல் எங்கே போவது என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும்.

10. தவறு வந்தால்: கையா, மனமா

இதைப் பிரிக்கத் தெரிவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது என்பது என் எண்ணம். ஒரு வாரம், தொட நினைத்ததாகத் தோன்றியது எது, தொட்டது எது என்று இரண்டு நெடுவரிசையாக எழுதுங்கள்.

தவறுகள் பக்கத்துக் கட்டத்தில், எப்போதும் ஒரே திசையில் விழுந்தால் கை. உட்காரும் நிலைக்கும் கருவியின் சாய்வுக்கும் திரும்பிப் போங்கள். நேரம் ஆக ஆகக் கூடினால் சோர்வு. பலகையில் தூரத்தில் இருந்தாலும் பொருளில் பக்கத்தில் இருக்கும் சொல்லைத் தொட்டால், ‘குடி’க்குப் பதில் ‘சாப்பிடு’ என்றால், அது மொழி. கை நன்றாகவே வேலை செய்கிறது. அந்த இரு சொற்களையும் வேறுபடுத்தி அதிகம் தொட்டுக் காட்டுங்கள்.

வரிசையாக எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே போனால் மழலை. வாயால் பேசும் குழந்தை ‘பாபாபா’ என்று செய்வதை இது விரலால் செய்கிறது. பூட்டி வைக்காமல், வந்த சொற்களுக்குப் பதில் சொல்லுங்கள். எப்போதும் ஒரே கட்டம் என்றால், அந்தச் சொல்லின் மேல் ஆசையா, அந்த இடத்துக்குத்தான் கை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நான்காம் படியின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும்தான் கை விழுகிறது என்றால் விடை கிடைத்துவிட்டது.

‘ஆமாம்’, ‘இல்லை’ வைத்துப் புரிதலைச் சோதிப்பதில் எச்சரிக்கை வேண்டும். “வேணுமா?” என்பதற்குச் சரியாகச் சொல்லும் குழந்தை, “இது நாயா?” என்பதற்குக் கண்டபடி சொல்லலாம். இரண்டாவது வகை பிறகுதான் வருகிறது.

11. எப்போது மாற்றுவது

உடல் வளரும்போது, நாற்காலி மாறும்போது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு, வலிப்பு மருந்து மாறும்போது நான்காம் படியின் வரைபடத்தைப் புதிதாக எடுங்கள். மனம் முன்னேறியும் கை பின்தங்கலாம், குறிப்பாக வேகமாக உயரம் கூடும் வயதில். சொற்களைக் குறைக்காதீர்கள், தொடும் வழியை மாற்றுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். புதிய ஸ்விட்ச் வந்த வாரம் புதிய பக்கம் வேண்டாம். கருவியில் இருக்கும் அதே பலகையை, அதே இடங்களோடு தாளில் அச்சடித்து உறையிட்டுக் கையோடு வைத்திருங்கள். பேட்டரி தீரும் நாளில், குளிக்கும் நேரத்தில், மருத்துவமனைப் படுக்கையில் அந்தத் தாளை நீட்டினால் குழந்தையின் கை தேடாமல் அதே மூலைக்குப் போகும்.